முன் இடது டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டை, அலைன்மென்ட் தாளில் எல்லாம் பச்சை

மிட்ராண்ட்வாசி

வணக்கம். வேலை ஜோகன்னஸ்பர்க் பக்கம், மாமனார் வீடு டர்பனில். அதனால் என்3 சாலையில் அடிக்கடி ஏறி இறங்கும் வண்டி இது. சின்ன ஹேட்ச்பேக், முன்சக்கர இழுவை, முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்), பின்னால் ஒற்றை பீம் ஆக்சில் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு). கம்பெனி பெயரைச் சொன்னால் இழை பிராண்டு சண்டையாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

முன் இடது டயரின் உள்விளிம்பு மொட்டை. நின்று பார்த்தால் டயர் நன்றாகத்தான் தெரிகிறது. ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பி, குனிந்து டார்ச் அடித்தால்தான் விஷயம் தெரியும். ஆழமானி வைத்து அளந்தேன்: வெளிப்பள்ளம் 5 மி.மீ., நடு 4.5, உள்பள்ளம் 1 மி.மீ.க்கும் கீழே. முன் வலது டயரில் 5, 5, 3.5. பின் டயர்கள் இரண்டும் சீராக இருக்கின்றன.

போன மழைக்காலத்தில் ஒரு பெரிய பள்ளத்தில் இடது சக்கரம் விழுந்தது. அதற்குப் பிறகு அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செய்தாயிற்று. கொடுத்த தாளில் எல்லாக் கட்டமும் பச்சை. இப்போது டயரைக் கொண்டுபோய்க் காட்டினால் "தாளில் சரியாக இருக்கிறதே, டயர்தான் மட்டரகம்" என்கிறார்கள். டயர் மட்டரகமாக இருந்தால் ஒரே ஓரம் மட்டும் எப்படித் தேயும்?

பீனிக்ஸ்_பறவை

அண்ணா, முதலில் காற்றைப் பாருங்கள். ஜோபர்க் பெட்ரோல் கராஜில் பையன் 2.2 பார் அடித்து அனுப்புவான். அதோடு டர்பன் வந்து அளந்தால் 2.0தான் காட்டும். டிசம்பரில் வருகிற சொந்தக்காரர்கள் எல்லார் வண்டியிலும் இதே கதை. காற்று குறைவாக ஓட்டினால் ஓரம் தேயாமல் என்ன செய்யும்?

எண்கணக்கன்

பறவை சொன்ன எண் சரி, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மீட்டர் காட்டுவது டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. கடல் மட்டத்தில் வெளிக்காற்று சுமார் 1.01 பார். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரம், அங்கே 0.83 பக்கம். மேலே 2.2 வைத்துவிட்டு இறங்கினால் கீழே ஏறக்குறைய 0.18 குறைத்துக் காட்டும். டர்பனின் வெக்கை அதில் கொஞ்சத்தை ஈடுகட்டிவிடும், 10 டிகிரி கூடினால் சுமார் 0.1 பார் ஏறும். டர்பனில் தங்கப் போகிறீர்கள் என்றால் மறுநாள் காலையில், டயர் ஆறியிருக்கும்போது, ஒருமுறை சரிபார்த்துவிட்டால் போதும்.

ஆனால் காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும். கூடினால் நடுப்பட்டை தேயும். ஒரு பக்க ஓரத்தை மட்டும் தின்பது காற்றின் வேலை இல்லை.

பழைய_ஃபிட்டர்

தம்பி மிட்ராண்ட், தாளை எடுத்து வைத்துவிடுங்கள். டயரைத் தடவிப் பார்த்தீர்களா?

உள்ளங்கையை டயரின் பட்டன்மேல் (சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) குறுக்காக வைத்து, வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு ஒரு முறை இழுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே. கம்பி ஏதாவது வெளியே வந்திருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள், கையைக் கிழித்துவிடும். ஒரு திசையில் வழவழவென்று போய், மறு திசையில் ஒவ்வொரு பட்டையின் விளிம்பும் கையைப் பிடித்தால் அது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது. உள்ளே போகும்போது வழவழப்பு, வெளியே வரும்போது பிடிப்பு என்றால் டோ-இன், சக்கரத்தின் முன்பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பியிருக்கின்றன. உள்ளே போகும்போது பிடித்தால் டோ-அவுட். இரண்டு திசையிலும் வழவழப்பு, ஆனால் டயரே ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்திருக்கிறது என்றால் சேம்பர் (சக்கரம் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து நிற்பது) பக்கம் யோசிக்கலாம். சுற்றுவட்டத்தில் தடவும்போது மேடு பள்ளம் மேடு பள்ளம் என்று வந்தால் ஷாக் போயிருக்கும், இல்லையென்றால் பேலன்சிங்.

இன்னும் மூன்று கேள்வி. பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? மேடு ஏறி இறங்கும்போது 'டொக்' சத்தம் உண்டா? அலைன்மென்ட் தாளில் திருத்துவதற்கு முன் இருந்த அளவு இருக்கிறதா, பின் இருந்த அளவு மட்டுமா?

ஏன் கேட்கிறேன் என்றால், டோ மட்டும் தவறியிருந்தால் வண்டி நேராக ஓடும்போது அந்தத் தவறை முன் சக்கரங்கள் இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். தேய்மானம் ஏறக்குறைய இரண்டிலும் வரவேண்டும். ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு அதிகம் என்றால் அந்தப் பக்கத்தில் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது ஆடுகிறது.

மிட்ராண்ட்வாசி

ஐயா, தடவிப் பார்த்தேன். வெளியிலிருந்து உள்ளே இழுக்கும்போது ரம்பம் மாதிரி பிடிக்கிறது, திரும்பி வரும்போது வழுக்குகிறது. அப்படியென்றால் டோ-அவுட்.

சத்தம் பெரிதாக இல்லை. பிரேக் விஷயம் நீங்கள் கேட்ட பிறகு கவனித்தேன். வான் ரீனன் கணவாயில் இறங்கும்போதும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வருவதற்கு முன் டவுன் ஹில் சரிவிலும், பிரேக்கில் கால் வைத்தால் லேசாக இடது பக்கம் நகர்கிறது. காலை எடுத்தால் நேராகப் போகிறது. லாரிக்காரர்களைப் பார்த்து ஒதுங்குகிற பழக்கத்தில் நானே திருப்புகிறேன் என்று நினைத்திருந்தேன்.

தாளில் திருத்திய பிறகு எடுத்த அளவு மட்டும்தான். முன் டோ மொத்தம் 0°05', சேம்பர் இடது -0°50', வலது -0°35'. எல்லாம் பச்சை.

எண்கணக்கன்

டோ ஏன் இவ்வளவு டயரைத் தின்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை டிகிரியின் சைன் 0.0087. அதாவது ஒரு கிலோமீட்டர் ஓடினால் 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஜோபர்கிலிருந்து டர்பன் சுமார் 570 கி.மீ. ஒரு தடவை இறங்குவதற்குள் அந்த டயர் ஏறக்குறைய 5 கி.மீ. தூரம் தார்ச்சாலையில் பக்கவாட்டில் தேய்ந்திருக்கும். 15 அங்குல ரிம்மின் விளிம்பில் அளந்தால் அரை டிகிரி என்பது வெறும் 3 மி.மீ. சொச்சம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

சேம்பரில் இந்த இழுபறி கிடையாது. சக்கரம் சாய்ந்தாலும் போகிற திசையில்தான் உருளும், பாரம் ஒரு ஓரத்தில் கூடும், அவ்வளவுதான். அதனால் சேம்பர் மெதுவாகத் தின்னும், டோ அவசரமாகத் தின்னும்.

பழைய_ஃபிட்டர்

கணக்கன் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாளில் டோ 0°05', அதாவது ஏறக்குறைய நேர். டயர் சொல்வது டோ-அவுட், அதுவும் நல்ல அளவுக்கு. இரண்டில் எது பொய்? இரண்டும் உண்மைதான். தாள் சொல்வது மேடையில் அசையாமல் நிற்கும் வண்டியின் நிலை. டயர் சொல்வது ஓடுகிற வண்டியின் நிலை. நிற்கும்போது சரியாகவும் ஓடும்போது தவறாகவும் இருக்கிறது என்றால் நடுவில் ஏதோ ரப்பர் தளர்ந்திருக்கிறது.

என் சந்தேகம் இடது லோயர் ஆர்மின் (சக்கரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் கீழ்க் கை) பின் புஷ்மேல் (அந்தக் கையின் பின் மூட்டில் இருக்கும் ரப்பர் வளையம்). பிரேக் அடிக்கும்போது சக்கரத்தைச் சாலை பின்னால் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்குவது பெரும்பாலும் அந்தப் பின் புஷ்தான். ரப்பர் கிழிந்திருந்தால் ஆர்ம் பின்னால் நகரும், சக்கரம் பெரும்பாலும் வெளிப்பக்கமாகத் திரும்பும், வண்டி அந்தப் பக்கம் நகரும். காலை எடுத்தால் பழைய இடத்துக்கு வந்துவிடும். நீங்கள் எழுதியது அப்படியே இதுதான். அதுவும் என்3 மாதிரி மலையிறக்கச் சாலையில் ஓடுகிற வண்டி. டவுன் ஹில், கீ ரிட்ஜ் என்று பிரேக்கில் கால் வைத்தபடி எவ்வளவு தூரம் வருகிறீர்கள்! ஊருக்குள் மட்டும் ஓடுகிற வண்டியில் இதே புஷ் இவ்வளவு சேதம் செய்யாது.

இடது பக்கம் ஏன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. இங்கே இடது பக்கம் ஓட்டுகிறோம், தார் உடைவது சாலை ஓரத்தில், பள்ளத்தில் விழுவது எப்போதும் இடது சக்கரம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கச் சாலைகளில் நான் பார்த்த வண்டிகளில் பாதிக்குமேல் இடது பக்கம்தான் அடிபட்டிருந்தது.

சோதிக்கிற முறை: சமதரையில் ஒருவர் வண்டியை நடை வேகத்தில் முன்னால் நகர்த்தி டக்கென்று பிரேக் அடிக்கட்டும், பின்னால் எடுத்து மறுபடியும் அடிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் தள்ளி நின்று மட்கார்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சக்கரம் முன்னும் பின்னும் நகர்ந்தால் கண்ணுக்கே தெரியும். வண்டியின் முன்னால் மட்டும் நிற்காதீர்கள். பிறகு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலை கொடுக்கவே கூடாது), சக்கரத்தை இட வலமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் கம்பியின் முனை). மேல் கீழாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட், பேரிங் தெரியும். புஷ்ஷைக் கையால் ஆட்டித் தெரிந்துகொள்ள முடியாது. நீளமான நெம்புகோலை ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்து நெம்பினால்தான் ரப்பர் கிழிசல் வாயைத் திறக்கும்.

குட்டை_கார்

அங்கிள், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஸ்பிரிங் மாற்றி வண்டியின் உயரத்தை இறக்கியிருக்கிறேன். முன்னால் இரண்டு டயரும் உள்பக்கம் தேய்கிறது. கூட்டாளிகள் எல்லாம் சேம்பர் போல்ட் வாங்கு என்கிறார்கள்.

பழைய_ஃபிட்டர்

இறக்கிய பிறகு அலைன்மென்ட் பார்த்தாயா கண்ணு?

குட்டை_கார்

இல்லை...

பழைய_ஃபிட்டர்

அப்போ போல்ட் வாங்குகிற காசை வைத்துக்கொள். வண்டியை இறக்கினால் சேம்பர் கொஞ்சம் நெகட்டிவ் ஆகும், அது உண்மை. கூடவே டை ராடின் கோணமும் மாறி டோ நகர்ந்துவிடும். உன் டயரைத் தின்பது பெரும்பாலும் அந்த டோ. அதைத் திருத்து, பிறகும் தேய்ந்தால் சேம்பரைப் பேசலாம். ஸ்பிரிங் வெட்டி இறக்கியிருந்தால் மட்டும் என்னிடம் வராதே.

அலைன்மென்ட்_மேடை

பைன்டவுனில் இதே தொழிலில் இருக்கிறவன், கொஞ்சம் எங்கள் பக்கமும் கேளுங்கள். மேடையில் ஏற்றுவதற்கு முன் ஆட்டம் பார்ப்பதுதான் முறை. பார்த்து "புஷ் போயிருக்கிறது, மாற்றினால்தான் அலைன்மென்ட் நிற்கும்" என்று சொன்னால் வாடிக்கையாளரில் பலர் "விற்கப் பார்க்கிறான்" என்று முகம் திருப்புகிறார்கள். டோவை மட்டும் பச்சைக்குக் கொண்டுவந்து அனுப்பச் சொல்கிறார்கள். அப்படி அனுப்பிய வண்டிதான் பிறகு மொட்டை டயரோடு திரும்பி வருகிறது.

தாளைப் பற்றியும் ஒன்று. பச்சை என்பது ஒரு வரம்புக்குள் இருக்கிறது என்பதற்கு மட்டும் அடையாளம். வரம்பின் இந்தக் கோடியில் இடது, அந்தக் கோடியில் வலது இருந்தாலும் பச்சைதான். தாள் வாங்கும்போது திருத்துவதற்கு முன், பின் இரண்டு அளவும் கேட்டு வாங்குங்கள். முன் அளவு இல்லாத தாளில் நோய் என்ன என்பதே இல்லை. காற்று சமமாக அடிக்காமல், ரிம் வளைவைக் கணக்கில் எடுக்காமல் எடுத்த அளவுக்கும் மதிப்பு கிடையாது.

மிட்ராண்ட் அண்ணா வண்டி பள்ளத்தில் விழுந்திருப்பதால் இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன். எஸ்ஏஐ என்று ஒரு கோணம் உண்டு, ஸ்டீயரிங் திரும்பும் அச்சு உள்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு. அதோடு சேம்பரைக் கூட்டினால் வருவதை இடது வலது ஒப்பிட வேண்டும். எஸ்ஏஐ சரியாக இருந்து கூட்டுத்தொகை மட்டும் ஒரு பக்கம் மாறினால் நக்கிளோ (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கிறது. கூட்டுத்தொகை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்து, எஸ்ஏஐ மட்டும் மாறினால் சப்ஃபிரேம் (லோயர் ஆர்ம் பூட்டியிருக்கும் அடிச்சட்டம்) நகர்ந்திருக்கிறது, அல்லது ஸ்ட்ரட்டின் மேல் பிடிமானம் நகர்ந்திருக்கிறது. ஐந்து நிமிஷ வேலை, யாரும் கேட்பதில்லை என்பதால் யாரும் செய்வதில்லை.

வெருலம்_அக்கா

என் வண்டியிலும் டயர் தொல்லைதான், ஆனால் பின்னால். ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வண்டி. பின்னாலிருந்து 'ஊ' என்று ஒரு சத்தம், வேகம் கூடக் கூட ஏறுகிறது. பேரிங் போய்விட்டது, இரண்டு பக்கமும் மாற்றவேண்டும் என்றார்கள். மாற்றலாமா?

அலைன்மென்ட்_மேடை

அக்கா, மாற்றுவதற்கு முன் இரண்டு சோதனை. காலியான சாலையில் மெதுவாக இடம், வலம் லேசாக வளைத்து ஓட்டுங்கள். வளைக்கும்போது சத்தம் கூடிக் குறைந்தால் பேரிங்காக இருக்கலாம். பிறகு புதுத் தார் போட்ட இடத்திலிருந்து பழைய சொரசொரப்பான சாலைக்கு வரும்போது கேளுங்கள். சாலை மாறும்போது சத்தத்தின் குரலே மாறினால் டயர்.

டயரைச் சுற்றுவட்டத்தில் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு பட்டனும் ஒரு முனையில் உயர்ந்து மறு முனையில் தேய்ந்து ரம்பப் பல் மாதிரி இருக்கிறதா? முன்சக்கர இழுவை வண்டியில் பின் டயர்களுக்கு இது சகஜம், இடம் மாற்றாமலே ஓட்டினால் இப்படி ஆகும். குறுக்குச் சாய்வாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் மட்டும் பின் ஆக்சிலின் டோவை அளக்கச் சொல்லுங்கள். பீம் ஆக்சிலில் அதைத் திருகித் திருத்த முடியாது, நடைபாதை விளிம்பில் மோதி வளைந்திருந்தால் ஸ்டப் ஆக்சிலோ (சக்கரம் மாட்டும் முனைத் தண்டு) பீமோ மாற்றவேண்டிவரும்.

வெருலம்_அக்கா

சாலை மாறினால் குரல் மாறுகிறது! ரம்பப் பல்லும் இருக்கிறது. பேரிங்குக்கு எடுத்து வைத்த காசு பிள்ளைக்குக் காவடிக்குப் போகட்டும். முன்னால் போட்டு ஓட்டினால் சரியாகிவிடுமா?

அலைன்மென்ட்_மேடை

கொஞ்ச நாள் சத்தம் முன்னாலிருந்து வரும், பயப்படாதீர்கள். ரம்பம் மெதுவாகச் சமமாகும். இனி 8,000, 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றிவிடுங்கள். முன்னால் உள்ளவை நேராகப் பின்னால், பின்னால் உள்ளவை குறுக்காக முன்னால். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் குறுக்கே போடக்கூடாது.

மிட்ராண்ட்வாசி

முடிவைச் சொல்லிவிடுகிறேன். பிரேக் சோதனையில் இடது சக்கரம் பின்னால் நகர்வது அப்பட்டமாகத் தெரிந்தது. மைத்துனர்தான் ஓட்டினார், நான் வீடியோ எடுத்துக்கொண்டேன், அதைக் காட்டியதும் கடையில் வாக்குவாதமே வரவில்லை. ஆர்மைக் கழற்றிப் பார்த்தால் பின் புஷ்ஷில் ரப்பர் வெளி வளையத்தைவிட்டு பாதி வட்டத்துக்குமேல் பிரிந்திருக்கிறது. வலது பக்கம் பிரியவில்லை, வெடிப்பு மட்டும். இரண்டையும் மாற்றினோம். எஸ்ஏஐ பார்க்கச் சொன்னேன், இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது, எதுவும் வளையவில்லை.

ஒரு விஷயம் எனக்குப் புதிது. மெக்கானிக் புஷ் போல்ட்டை வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கவில்லை. வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, பாரம் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு.

புது புஷ் போட்டதும், திருத்துவதற்கு முன் மேடையில் காட்டிய டோ மொத்தம் 0°25' அவுட். தளர்ந்த புஷ்ஷோடு பச்சைக்குக் கொண்டுவந்திருந்ததால் இப்போது இப்படிக் காட்டுகிறது என்றார். திருத்தியாயிற்று. டர்பன் இறங்கும்போது பிரேக்கில் இழுப்பு இல்லை.

பழைய_ஃபிட்டர்

அந்த மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள். தொங்கும்போது இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை.

மிட்ராண்ட்வாசி

நன்றி ஐயா. இப்போது டயர். மொட்டையானதை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாமா? வெளிப்பக்கம் 5 மி.மீ. இருக்கிறதே. அல்லது ரிம்மில் திருப்பி மாட்டி ஓட்டலாமா?

எண்கணக்கன்

சட்டம் தெளிவு. இங்கே குறைந்தபட்சம் 1 மி.மீ., அதுவும் டயரின் முழு அகலத்திலும் முழுச் சுற்றிலும் இருக்கவேண்டும். பள்ளத்தில் தேய்மானக் குறி வைத்த டயராக இருந்தால் பட்டன் அந்தக் குறியின் மட்டத்துக்கு வந்தாலே கதை முடிந்தது. வெளிப்பக்கம் 5 இருப்பதால் பயனில்லை.

பழைய_ஃபிட்டர்

ஸ்டெப்னியும் ஒரு நாள் சாலையில் ஓடப்போவதுதானே தம்பி. அதைத் தூக்கிப் போடுங்கள். திருப்பி மாட்டுவது தேய்மானம் ஆரம்பத்தில் இருக்கும்போது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வடிவம் உள்ள டயரில் மட்டும் செய்யலாம். உள்பக்கம், வெளிப்பக்கம் என்று சுவரில் அச்சடித்த டயரைத் திருப்பவே கூடாது.

இரண்டு புதுசு வாங்கிப் பின்னால் போடுங்கள். பின்னால் இருக்கும் நல்ல ஜோடி முன்னால் வரட்டும். முன்சக்கர இழுவைதானே, புதுசு முன்னால் போடலாமே என்று கடையில் சொல்வார்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் பிடி கிடைக்கும். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுழலும், கீ ரிட்ஜ் இறக்கத்தில் அதைப் பிடிக்க நம்மால் ஆகாது. வாங்கும்போது பக்கச்சுவரில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள், 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. ரொம்ப நாள் அலமாரியில் கிடந்ததைத் தலையில் கட்டிவிடுவார்கள். முன்னால் வந்த ஜோடியில் ஓராயிரம் கி.மீ. கழித்து மூன்று பள்ளத்தையும் அளந்து இங்கே போடுங்கள்.